பூட்டிக் ட்யூப் ஆம்பில் இருக்கும் அந்தச் சின்ன ஸ்விட்சுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிட்டார் வாசிக்கிற நண்பர்கள், அவர்களுடைய நண்பர்கள், ரிகர்சல் அறையில் அன்றுதான் அறிமுகமானவர்கள் என்று யார் வந்தாலும் கிட்டாரின் சத்தத்தைப் பெருக்கித் தரும் ஆம்பில் (ஆம்ப்ளிஃபையரில்) இருக்கும் இந்த ஸ்விட்சுகளைப் பற்றி ஏறத்தாழ ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி, சில சமயம் அவசரத்தில் பாதியை விட்டுவிடுகிறேன் என்று தோன்றியதால் இங்கே மொத்தமாக எழுதிவைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன. பிரைட், மிட், டீப், ராக்/ஜாஸ் என்று ஸ்விட்சுகள் வரிசையாக இருக்கும் டம்பிள் வகை (அலெக்சாண்டர் டம்பிள் என்பவர் கட்டியவற்றின் வழி வந்த) ஆம்பை மனதில் வைத்துத்தான் பெரும்பாலும் பதில் சொல்லியிருக்கிறேன். மற்ற வகைகள் தேவையான இடத்தில் வரும்.

பூட்டிக் ஆம்ப்னா என்ன? கடையில கிடைக்கிற சாதா ஆம்புக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?

சின்னப் பட்டறையில், குறைந்த எண்ணிக்கையில், பெரும்பாலும் கையால் வயரிங் செய்து கட்டுகிற ட்யூப் ஆம்ப். ட்யூப் என்பது பழைய வால்வு ரேடியோவில் சிவப்பாக எரியுமே, அந்த வால்வுதான். சர்க்யூட் ஒன்றும் வானத்திலிருந்து விழுந்ததில்லை. கலிபோர்னியாவின் ஃபெண்டர், இங்கிலாந்து டார்ட்ஃபர்டின் வாக்ஸ், லண்டன் ஹான்வெல்லின் மார்ஷல் என்ற மூன்று குடும்பங்களிலிருந்துதான் கிட்டத்தட்ட எல்லாமே கிளைத்தன. அதிலும் மார்ஷலின் முதல் ஆம்ப், 1962இல் வந்த ஜேடிஎம்45, ஃபெண்டர் பாஸ்மேனைப் பார்த்துச் செய்ததுதான்.

அலெக்சாண்டர் டம்பிள் ஃபெண்டர் வழியில் தொடங்கி ஓவர்டிரைவ் ஸ்பெஷல் என்ற ஆம்பைக் கட்டினார். யாரும் பார்த்துக் காப்பியடிக்கக்கூடாது என்று சர்க்யூட் மேல் எபாக்ஸி பசையை ஊற்றிவிடுவார். 2022இல் காலமானார். டூ-ராக் நிறுவனம் அந்த வழியில் வந்தது. 1989இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய மேட்ச்லெஸ், வாக்ஸ் ஏசி30 வழி. நியூ ஜெர்சியில் கென் ஃபிஷர் கட்டிய ட்ரெயின்ரெக் ஆம்ப்களுக்கு வரிசை எண்ணே கிடையாது, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெண்ணின் பெயர். வாசிப்பவரை மனதில் வைத்து ஒவ்வொரு ஆம்பாகக் கட்டுகிறவர்கள் என்பதால்தான், பெரிய ஃபாக்டரிகள் ஒரே முடிவாக எடுத்துப் பூட்டிவிடுகிற விஷயங்களை இவர்கள் ஸ்விட்சாக நம் கையில் கொடுக்கிறார்கள்.

வால்யூம், ட்ரெபிள், மிடில், பாஸ்னு குமிழ் ஏற்கெனவே இருக்கே. அப்புறம் ஸ்விட்ச் எதுக்கு?

குமிழ் ஒரு எல்லைக்குள் நகர்கிறது. ஸ்விட்ச் அந்த எல்லையையே வேறு இடத்துக்குத் தூக்கிப்போடுகிறது. ட்ரெபிள் (உச்ச ஒலி), மிடில் அல்லது மிட் (நடு ஒலி), பாஸ் (அடி ஒலி) மூன்றும் சேர்ந்த பகுதியை டோன் ஸ்டாக் என்போம். அதில் குமிழோடு வெளியே தெரியாத கண்டன்சர்களும் ரெசிஸ்டர்களும் இருக்கின்றன. அவற்றில் ஸ்லோப் ரெசிஸ்டர் என்ற ஒன்று ஃபெண்டரில் 100 கிலோ ஓம், மார்ஷலில் 33 கிலோ ஓம். இந்த ஒரு வித்தியாசமே மிட் எவ்வளவு பள்ளமாக இருக்கும் என்பதைப் பெருமளவு தீர்மானித்துவிடும். வெளியே குமிழை எவ்வளவு திருகினாலும் உள்ளே இருக்கும் அந்த 100 கிலோ 33 ஆகாது.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். இந்த டோன் ஸ்டாக் எதையும் கூட்டுவதில்லை, குறைக்க மட்டும்தான் செய்யும். ஃபெண்டர் வகையில் எல்லாக் குமிழையும் 5இல் வைத்தால் சமமாக இருக்கும் என்று நினைக்கிறோம். உண்மையில் 400, 500 ஹெர்ட்ஸ் பக்கத்தில் பெரிய பள்ளமே இருக்கும். மிடிலை முழுக்கத் திறந்து மற்ற இரண்டையும் ஏறக்குறைய மூடினால்தான் சமதளத்துக்குக் கிட்டே வரும். அதனால் குமிழின் எண்ணைப் பார்க்காதீர்கள், காதால் கேட்டுத் திருகுங்கள்.

பிரைட் ஸ்விட்ச் என்னதான் செய்யுது? ட்ரெபிளை ஏத்தறதும் அதுவும் ஒண்ணுதானே?

இல்லை. ட்ரெபிள் குமிழ் டோன் ஸ்டாக்கில் இருக்கிறது. பிரைட், வால்யூம் குமிழோடு ஒட்டியிருக்கிறது. வால்யூமைக் குறைக்கும்போது சிக்னல் ஒரு பெரிய ரெசிஸ்டன்ஸைத் தாண்டி வரவேண்டும். பிரைட் ஸ்விட்ச் போட்டால் ஒரு சின்னக் கண்டன்சர் அந்த ரெசிஸ்டன்ஸுக்குப் பக்கத்திலேயே குறுக்குவழி போட்டுக்கொடுக்கும். கண்டன்சருக்கு உயர்ந்த அலைவரிசையைக் கடத்துவது சுலபம், தாழ்ந்ததைக் கடத்துவது கஷ்டம். எனவே ட்ரெபிள் மட்டும் குறுக்குவழியில் ஓடிவிடும், மற்றதெல்லாம் நெரிசலில் மாட்டிக்கொண்டு மெலிந்து வரும்.

கண்டன்சரின் அளவில்தான் எல்லாமே இருக்கிறது. ஒரு மெகா ஓம் வால்யூம் குமிழைத் தாழ்வாக, 3 பக்கத்தில் வைத்திருக்கிறோம், மேல்பக்க ரெசிஸ்டன்ஸ் சுமார் 900 கிலோ ஓம் என்று வையுங்கள். ஃபெண்டர் ட்வின் ரிவெர்பில் இருப்பதுபோல் 120 பிகோ ஃபாரட் என்றால் குறுக்குவழி சுமார் 1500 ஹெர்ட்ஸிலிருந்து திறக்கிறது. பளபளப்பு மட்டும் கூடும். மார்ஷல் 2203இல் இருக்கும் 1000 பிகோ என்றால் 180 ஹெர்ட்ஸ் பக்கத்திலேயே திறந்துவிடும், அதாவது மிட்டும் சேர்ந்து ஓடும். சில பழைய மார்ஷல்களில் இருக்கும் 5000 பிகோவில் பாஸின் அடித்தட்டைத் தவிர எல்லாமே கடந்துவிடும். ஒரே பெயர் எழுதிய ஸ்விட்ச், ஆனால் மூன்று ஆம்பில் மூன்று வேலை.

வீட்டுல பிரைட் போட்டா காதைக் குத்துது. மேடையில போட்டா ஒண்ணுமே தெரியல. ஸ்விட்ச் கெட்டுப்போச்சா?

ஸ்விட்ச் நன்றாகத்தான் இருக்கிறது. மேலே சொன்ன ரெசிஸ்டன்ஸ், வால்யூமை ஏற்ற ஏற்றக் குறைந்துகொண்டே வரும். முழுக்க ஏற்றினால் ரெசிஸ்டன்ஸே இல்லை. நெரிசல் இல்லாத ரோட்டில் குறுக்குவழி இருந்தும் பயனில்லை, அவ்வளவுதான். வால்யூம் 2, 3இல் பிரைட் அதிகபட்சம் கேட்கும், 6, 7க்கு மேல் மெல்ல மறைந்துவிடும்.

இதை முதலில் புரிந்துகொண்டாலே பாதிக் குழப்பம் தீரும். மாஸ்டர் வால்யூம் (மொத்தச் சத்தத்தைக் கடைசியில் கட்டுப்படுத்தும் இரண்டாவது வால்யூம் குமிழ்) உள்ள ஆம்ப் என்றால், பிரைட் பெரும்பாலும் முதல் வால்யூமில் இருக்கும், மாஸ்டரில் இருக்காது. எனவே வீட்டிலும் முதல் வால்யூமை மேடையில் வைப்பதுபோலவே 5, 6 வரை ஏற்றிவிட்டு, சத்தத்தை மாஸ்டரால் குறைத்துப் பாருங்கள். அந்தக் குத்தல் பெருமளவு போய்விடும். ஆனால் 5இல் சிக்னல் ட்யூபைச் சற்று கரகரப்பாக்கும், முழு கிளீன் (கரகரப்பே இல்லாத சத்தம்) வேண்டுபவர்களுக்கு இது ஒத்துவராது. அவர்கள் பிரைட்டை ஆஃப் செய்துவிட்டு ட்ரெபிளை அரைப் புள்ளி ஏற்றிக்கொள்வது நல்லது.

டீப் போட்டுத் தனியா வாசிச்சா அவ்வளவு அருமையா இருக்கு. பேண்டோட வாசிச்சா நான் காணாமப் போயிடறேன். ஏன்?

டீப், பாஸைக் கூட்டும் ஸ்விட்ச். எனக்கும் இது நடந்திருக்கிறது. வீட்டில் இரவு பத்து மணிக்கு மெதுவாக வைத்துத் தேடிப்பிடித்த டோனை அப்படியே மேடைக்குக் கொண்டுபோய், முதல் பாட்டு முழுக்க என் கிட்டார் எனக்கே கேட்காமல் வாசித்திருக்கிறேன். இரண்டு காரணம். குறைந்த சத்தத்தில் மனிதக் காதுக்குப் பாஸ் சரியாகக் கேட்காது. பெல் லேபில் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இலேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். அதனால் வீட்டில் டீப் போட்டால்தான் நிறைவாக இருக்கும். அதே செட்டிங்கைச் சத்தமாக்கினால் பாஸ் பொங்கி வழியும்.

இரண்டாவது, இடப் போட்டி. கிட்டாரின் தடித்த ஈ கம்பி 82 ஹெர்ட்ஸ். பாஸ் கிட்டாரின் தடித்த கம்பி 41. கிக் டிரம்மும் அதே வட்டாரம். டீப் ஸ்விட்ச் நம்மைக் கொண்டுபோய் நிறுத்துவது அந்த நெரிசலில்தான். அங்கே பாஸ் கிட்டார்காரரை நாம் ஜெயிக்கமுடியாது, ஜெயிக்கவும் கூடாது. டிரம்ஸ் இல்லாமல், ஒரு பாடகரோடு மட்டும் வாசிக்கும்போது டீப் போடுங்கள். சின்ன 10 அங்குல ஸ்பீக்கர் கேபினட் என்றாலும் போடுங்கள். நான்கு 12 அங்குலம் அடைத்த மூடிய கேபினட் என்றால் கை வைக்காதீர்கள்.

மிட் ஸ்விட்ச் போடணுமா, இல்ல மிடில் குமிழையே ஏத்திக்கணுமா?

இரண்டையும் தனித்தனியாகச் செய்து பாருங்கள், ஏனென்றால் இந்த ஸ்விட்சை ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி வயரிங் செய்கிறார்கள். பொதுவாகக் குமிழ் ஏற்கெனவே இருக்கும் பள்ளத்தை நிரப்பும். ஸ்விட்ச், பள்ளம் விழும் இடத்தையே நகர்த்தும் அல்லது மிட்டை ஒட்டுமொத்தமாகத் தூக்கிவிடும்.

நான் செய்வது இதுதான்: ஸ்விட்ச் ஆஃபில் வைத்து மிடில் குமிழை 7 வரை கொண்டுபோவேன். அப்போதும் பேண்டில் கிட்டார் பின்னால் நிற்கிறது என்றால் ஸ்விட்சைப் போட்டுக் குமிழை 4க்கு இறக்குவேன். கிளீனாகக் கார்டு வாசிப்பவருக்கு அந்தப் பள்ளம்தான் அழகு. பாடுபவரின் குரல் உட்கார அதில் இடம் கிடைக்கிறது. தனிக் கம்பியில் லீட் வாசிப்பவருக்கு அதே பள்ளம் எதிரி.

ராக்/ஜாஸ்னு எழுதியிருக்கே, நான் ஜாஸே வாசிக்கமாட்டேன். அந்தப் பக்கம் போகவே வேண்டாமா?

போகலாம். இசை வகைக்கும் அந்தப் பெயருக்கும் அவ்வளவு சம்பந்தமில்லை. உள்ளே அது டோன் ஸ்டாக்கின் மிட் பகுதி வயரிங்கை மாற்றுகிறது, கூடவே கெயினும் (சிக்னலைப் பெருக்கும் அளவும்) கொஞ்சம் மாறும். அதனால் இரண்டு பக்கத்தையும் ஒப்பிடும்போது சத்தத்தைச் சமப்படுத்திவிட்டுக் கேளுங்கள். சத்தம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும் பக்கம்தான் நல்ல டோன் என்று காது ஏமாந்துவிடும், இது எல்லோருக்கும் நடப்பது.

ஈக்யூ1, ஈக்யூ2ன்னு டூ-ராக்ல இருக்கே, அது வேறயா?

டோன் ஸ்டாக்குக்கே இரண்டு குணம் கொடுத்து அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க விடுவது. இரண்டாவது கேள்வியில் சொன்ன மாதிரி எல்லையைத் தூக்கி வேறு இடத்தில் போடும் வேலைதான், கொஞ்சம் பெரிய அளவில். மாற்றியதும் குமிழ்களை முதலிலிருந்து அமைக்க வேண்டியிருக்கும். நிகழ்ச்சி நடுவே தட்டிப்பார்க்கிற ஸ்விட்ச் இல்லை.

பிஏபி ஃபுட்ஸ்விட்ச் அமுக்கினா சத்தம் ஏறுது. ஆனா ட்ரெபிள், பாஸ் திருகினா ஒண்ணும் ஆகலையே?

அது அப்படித்தான் வேலை செய்யவேண்டும். பிஏபி என்பது ப்ரீஆம்ப் பூஸ்ட். டோன் ஸ்டாக் கிரவுண்டோடு இணைந்திருந்தால்தான் சிக்னலில் ஒரு பகுதியை இழுத்துக் கிரவுண்டில் விடமுடியும். ஃபுட்ஸ்விட்ச் அந்த இணைப்பைத் தூக்கிவிடுகிறது. இதுவரை இழந்துகொண்டிருந்ததெல்லாம், முக்கியமாக மிட், அப்படியே முன்னால் வருகிறது. குமிழ்களுக்குப் பிடிமானம் போய்விடுவதால் அவை ஏறக்குறைய செத்துவிடுகின்றன.

தடிமனான, பாடுகிற மாதிரி லீட் சத்தம் இதில் கிடைக்கும். ஆனால் பிஏபி போட்ட பிறகு டோன் சரியில்லை என்றால் திருத்த உங்களிடம் மிச்சமிருப்பது பிரசன்ஸும் (ஆம்பின் கடைசிக் கட்டத்தில் ட்ரெபிளைக் கூட்டும் குமிழ்) கிட்டாரின் டோன் குமிழும் மட்டும்தான். எனவே அவை இரண்டையும் பிஏபி போட்ட நிலையில் முதலில் அமைத்துவிட்டு, பிறகு அதை அணைத்து மற்றக் குமிழ்களுக்கு வாருங்கள்.

கிளீன்ல கண்ணாடி மாதிரி இருக்கு. ஓவர்டிரைவ் போட்டதும் சேறு மாதிரி ஆயிடுது. எந்தக் குமிழைத் திருகணும்?

அநேகமாக டீப்பை அணைக்கவேண்டும். இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் செலவழித்துப் பதில் சொல்வேன், ஏனென்றால் இது புரிந்துவிட்டால் எந்த ஆம்பின் முன்னால் நின்றாலும் நீங்களே வழி கண்டுபிடித்துவிடுவீர்கள். கேட்கவேண்டியது ஒன்றே ஒன்றுதான்: இந்த ஸ்விட்ச், சிக்னல் உடைகிற (ட்யூப் தாங்காமல் கரகரப்பாகிற, அதாவது ஓவர்டிரைவ் ஆகிற) இடத்துக்கு முன்னாலா, பின்னாலா?

டம்பிள் வகையில் கிளீன் சேனலும் ஓவர்டிரைவும் இரண்டு தனி ஆம்ப் மாதிரி பக்கத்துப் பக்கத்தில் இல்லை. ஓவர்டிரைவ் என்பது கிளீன் சேனலின் வாலில் ஒட்டிய இன்னும் இரண்டு கெயின் கட்டங்கள். நீங்கள் கிளீனில் வைத்த பிரைட், டீப், மிட் எல்லாம் அப்படியே ஓவர்டிரைவுக்குள் நுழைகின்றன. உடைவதற்கு முன் பாஸ் அதிகமாக இருந்தால் ட்யூபின் இடம் முழுக்கப் பாஸே பிடித்துக்கொள்ளும், அதனால் சேறு. உடைவதற்கு முன் ட்ரெபிள் அதிகமாக இருந்தால் கொசு ரீங்காரம் மாதிரி மெல்லிய கரகரப்பு வரும். மிட் முன்னால் இருந்தால் குரல் மாதிரி வரும். உடைந்த பிறகு பாஸைக் குறைத்தால் சேறு போகாது, சேற்றின் சத்தம்தான் குறையும்.

மார்ஷல் 2203 மாதிரி ஆம்பில் டோன் ஸ்டாக் கெயின் கட்டங்களுக்குப் பின்னால் இருக்கிறது. அங்கே பாஸ் குமிழைத் தாராளமாக ஏற்றலாம், உடைந்த சத்தத்தின் மேல் பூசும் வண்ணம் அது. மெசா பூகி நிறுவனத்தின் மார்க் வரிசை ஆம்ப்களில் டம்பிளைப் போலவே டோன் ஸ்டாக் முன்னால் இருப்பதால்தான் அதில் பாஸை 1, 2இல் வைக்கச் சொல்வார்கள், இழந்த பாஸைக் கடைசியில் 80, 240, 750, 2200, 6600 ஹெர்ட்ஸ் என்று ஐந்து பட்டை ஈக்யூவில் (ஒவ்வொரு அலைவரிசைப் பகுதியையும் தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில்) திரும்ப எடுத்துக்கொள்வார்கள். டம்பிள்கூட சில ஆம்ப்களில் ஓவர்டிரைவுக்குப் பின்னால் உள்ளுக்குள் இன்னொரு டோன் ஸ்டாக் வைத்தார், ஹெச்ஆர்எம் என்று அதற்குப் பெயர். உங்கள் ஆம்பில் அது இருந்தால் பாஸை அங்கே ஏற்றுங்கள், இல்லையென்றால் முன்னால் குறைத்து வாழவேண்டியதுதான். கிளீன் டோன் ஒரு பங்கு மெலிவாக இருந்தால் ஓவர்டிரைவ் சரியாக உட்காரும். இந்த வகை ஆம்பில் அந்தச் சமரசத்தைத் தவிர்க்கமுடியாது.

பிரசன்ஸும் பிரைட்டும் ஒண்ணுதானே அண்ணா? ரெண்டும் ட்ரெபிளைத்தானே கூட்டுது?

போன பதிலையே இங்கே வைத்துப் பாருங்கள். பிரைட் உடைவதற்கு முன்னால், சர்க்யூட்டின் வாசலிலேயே. பிரசன்ஸ் கடைசியில், பவர் ட்யூப்கள் இருக்கும் இடத்தில். ஸ்பீக்கருக்குப் போகும் சிக்னலில் ஒரு பங்கைத் திருப்பி உள்ளே அனுப்பி ஆம்பைக் கட்டுப்படுத்துவார்கள், நெகட்டிவ் ஃபீட்பேக் என்று பெயர். பிரசன்ஸ் அந்தத் திருப்பி அனுப்புவதில் ட்ரெபிளை மட்டும் குறைக்கும். கட்டுப்பாடு தளர்ந்ததால் ட்ரெபிள் மேலே எழும்.

பிரைட்டால் கிடைப்பது கம்பி மீட்டும் கணத்தின் கூர்மை. பிரசன்ஸால் கிடைப்பது மொத்தச் சத்தத்தின் காற்றோட்டம். ஓவர்டிரைவில் கரகரப்பு கொசு மாதிரி இருந்தால் பிரைட்டை அணைத்துவிட்டுப் பிரசன்ஸை ஏற்றுங்கள், பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும்.

என் ஆம்புல பிரசன்ஸே இல்ல. கட்னு ஒண்ணு இருக்கு, ஏத்த ஏத்த மந்தமாகுது. தப்பா வயரிங் பண்ணிட்டாங்களா?

வயரிங் சரிதான். உங்களுடையது வாக்ஸ் ஏசி30 வழி வந்த ஆம்ப். அதில் நெகட்டிவ் ஃபீட்பேக் கிடையாது, எனவே பிரசன்ஸுக்கு வேலையில்லை. கட், பெயருக்கு ஏற்றபடி ட்ரெபிளை வெட்டுகிறது. ஏற்றினால் அதிகமாக வெட்டும். 0இல் தொடங்கி, காதை உறுத்தும் கூர்மை போகும்வரை ஏற்றுங்கள். அது பவர் ஆம்ப் பக்கத்தில் இருப்பதால் உடைந்த சத்தத்தையும் சேர்த்து மென்மையாக்கும், அதுதான் அதன் அருமை.

மேட்ச்லெஸ் டிசி-30இன் ஈஎஃப்86 (ஒரு ட்யூப் வகை) சேனலில் ட்ரெபிள், பாஸ் குமிழே இருக்காது. பதிலாக ஆறு நிலை சுழல் ஸ்விட்ச் ஒன்று. ஒவ்வொரு நிலையும் சிக்னல் பாதையில் வேறு அளவு கண்டன்சரைக் கொண்டுவந்து பாஸ் எவ்வளவு உள்ளே நுழையலாம் என்று முடிவு செய்கிறது. டீப் ஸ்விட்சை ஆறு படியாக்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹம்பக்கர் (கம்பி அதிர்வை மின் சிக்னலாக்கும் பிக்கப்பில் இரட்டைச் சுருள் வகை) கிட்டாரோடு மெலிந்த பக்கத்திலிருந்து தொடங்குங்கள்.

ஹாஃப் பவர் போட்டேன், சத்தம் பாதியாகவே இல்லையே?

ஆகாது. வாட் பாதியானால் சத்தம் 3 டெசிபல்தான் குறையும். காதுக்குப் பாதி என்று தோன்ற சுமார் 10 டெசிபல் குறையவேண்டும். அந்த ஸ்விட்சை டோன் ஸ்விட்ச் என்றே எடுத்துக்கொள்ளலாம். ட்ரையோடு முறை என்றால் பவர் ட்யூப்களின் இயக்கமே மாறி ட்ரெபிள் மழுங்கும், உருண்டையாக ஒலிக்கும். நான்கு ட்யூபில் இரண்டை நிறுத்தும் முறை என்றால் டோன் அவ்வளவு மாறாது. அப்போது இம்பிடன்ஸை, அதாவது ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் பொருந்தவேண்டிய ஓம் அளவை, பாருங்கள். நான்கில் இரண்டு ட்யூபைக் கழற்றிவிட்டு 8 ஓம் கேபினட்டில் வாசிப்பதென்றால் ஆம்பின் ஓம் செலக்டரை 4இல் வைப்பதுதான் வழக்கம். ஸ்விட்ச் இதைத் தானே பார்த்துக்கொள்கிறதா என்று ஆம்பின் கையேட்டில் சரிபாருங்கள். ஸ்பீக்கரே இணைக்காமல் மட்டும் ஒருபோதும் வாசிக்காதீர்கள், அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

சிங்கிள் காயிலுக்கு ஒரு செட்டிங், ஹம்பக்கருக்கு ஒரு செட்டிங் சொல்லுங்கண்ணா, அப்படியே வெச்சுக்கறேன்.

எண் சொல்லமுடியாது, வரிசை சொல்கிறேன். எல்லா ஸ்விட்சும் ஆஃப், எல்லாக் குமிழும் நடுவில். முதலில் நிகழ்ச்சியில் வைக்கப்போகும் வால்யூமுக்கு ஏற்றுங்கள், இதைத் தள்ளிப்போட்டால் மற்றதெல்லாம் வீண். பிறகு பிரைட், பிறகு டீப், பிறகு மிட், ஒரு சமயத்தில் ஒன்றுதான். ஸ்விட்ச் முடிவானதும் குமிழ்கள். கடைசியில் பிரசன்ஸ்.

ஹம்பக்கரோடு பிரைட் போடுவது பெரும்பாலும் நன்றாக அமையும், டீப் பெரும்பாலும் அமையாது. சிங்கிள் காயிலில் (ஒற்றைச் சுருள் பிக்கப்) பிரிட்ஜ் பிக்கப், அதாவது கழுத்துக்கு எதிர்ப்பக்கம் இருப்பது, என்றால் பிரைட் வேண்டாம், மிட் வேண்டும். கழுத்துப் பக்கப் பிக்கப்பில் பிரைட் தேன். ஒரே நிகழ்ச்சியில் இரண்டு கிட்டாரும் வாசிப்பவர்கள் ஹம்பக்கருக்கு ஆம்பை அமைத்துவிட்டு, சிங்கிள் காயிலைக் கிட்டாரின் டோன் குமிழால் அடக்கிக்கொள்ளலாம்.

நான் நிக்கற இடத்துல மந்தமா கேக்குது, முன்னாடி உட்கார்ந்தவங்க காது வலிக்குதுன்னு சொல்றாங்க. யார் சொல்றது சரி?

அவர்கள் சொல்வதுதான். கிட்டார் ஸ்பீக்கர் ட்ரெபிளை டார்ச் லைட் மாதிரி நேராக அடிக்கும், பாஸைத்தான் எல்லாப் பக்கமும் பரப்பும். ஆம்ப் தரையில், உங்கள் முழங்கால் உயரத்தில் இருந்தால் ட்ரெபிள் உங்கள் கால்சட்டைக்குத்தான் கேட்கும். நீங்கள் பிரைட்டைப் போடுவீர்கள், முதல் வரிசைக்காரர் தவிப்பார். பிரைட்டும் பிரசன்ஸும் முடிவு செய்யும்போது ஸ்பீக்கர் உயரத்துக்குக் குனிந்து, இரண்டு மீட்டர் தள்ளிக் கேளுங்கள். ஆம்பை நாற்காலியில் ஏற்றினாலும் சரி, பின்னால் சாய்த்து வைத்தாலும் சரி. மைக்கும் அந்த டார்ச் வெளிச்சத்தில்தான் நிற்கிறது என்பதால் ரெக்கார்டிங்குக்கும் இதே விதி.

பத்து மீட்டர் கேபிள் வாங்கினேன், ட்ரெபிள் போயிடுச்சு. பிரைட் போட்டா திரும்ப வருமா?

முழுக்க வராது. கேபிளும் ஒரு கண்டன்சர்தான், சாதாரணமாக மீட்டருக்கு 100 பிகோ ஃபாரட் அளவில். பிக்கப்பும் கேபிளும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அலைவரிசையில் மேடு ஒன்றை உருவாக்கும், அதுதான் கிட்டாரின் முகம். கேபிள் நீள நீள அந்த மேடு கீழே இறங்கிவிடும். பிரைட் அதற்கு மேலே இருப்பதைக் கொஞ்சம் தூக்கும், மேட்டைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோகாது. ஆனால் பிக்கப் ரொம்பக் கூர்மையாக இருக்கிறவர்கள் நீளக் கேபிளை வேண்டுமென்றே போடுவதும் உண்டு. ட்ரெபிள் வேண்டுமென்றால் கிட்டாருக்குப் பக்கத்தில் ஒரு பஃபர் பெடல் (சிக்னலை வலுவாக்கிக் கேபிளுக்குள் அனுப்பும் சின்னப் பெட்டி) வையுங்கள்.

ஸ்விட்சைத் தட்டினா 'டப்'னு சத்தம் வருது. ஆபத்தா?

சின்ன 'டப்' பெரும்பாலும் சாதாரணம். இதுவரை இணைக்கப்படாமல் காலியாக இருந்த கண்டன்சர் திடீரென்று சேரும்போது மின்னூட்டம் பாயும் சத்தம் அது. ட்யூபின் கேத்தோடில் கண்டன்சரைச் சேர்க்கும் வகை ஸ்விட்சில் இது நன்றாகவே கேட்கும். கட்டுகிறவர் ஒரு பெரிய ரெசிஸ்டர் வைத்து அந்தக் கண்டன்சரை எப்போதும் நிரம்பிய நிலையில் வைத்திருந்தால் சத்தம் வராது.

முன்பு இல்லாமல் புதிதாக வந்த 'டப்', அல்லது குமிழைத் திருகும்போது கரகரவென்ற சத்தம் என்றால் ஏதோ ஒரு கண்டன்சர் கசியத் தொடங்கியிருக்கலாம், மெக்கானிக்கிடம் காட்டுங்கள். அதுவரை நிகழ்ச்சி நடுவே தட்டவேண்டாம்.

அமெரிக்காவுல இருந்து ஒருத்தர் கொண்டுவந்த ஆம்ப். நம்ம கரண்ட்ல போட்டா டோன் மாறுமா?

120 வோல்ட்டுக்குக் கட்டியதை நேராக நம் 230 வோல்ட்டில் செருகினால் டோன் மாறாது, ஆம்பே போய்விடும். பின்பக்கம் வோல்டேஜ் செலக்டர் இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் போதுமான வாட் தாங்கும் ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் வேண்டும். 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் சுற்றிய பவர் ட்ரான்ஸ்ஃபார்மர் நம் 50 ஹெர்ட்ஸில் கூடுதலாகச் சூடாகும், அதையும் தொட்டுப் பார்த்துக் கண்காணியுங்கள்.

எல்லாம் புரிஞ்சுது. எனக்கு பிரைட் ரொம்பக் கூர்மை. கண்டன்சரை நானே மாத்திக்கலாமா?

மாற்றுவது நல்ல யோசனை, நீங்களே செய்வது வேண்டாம். இந்த ஆம்ப்களுக்குள் பல இடங்களில் 400 வோல்ட்டைத் தாண்டும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கண்டன்சர்களில் அந்த மின்சாரம் தங்கியிருக்கும். உயிருக்கே ஆபத்து. மின்னூட்டத்தை இறக்கி, மீட்டரில் அளந்து பார்த்துவிட்டுக் கை வைக்கத் தெரிந்தவர்தான் திறக்கவேண்டும்.

மெக்கானிக்கிடம் போகும்போது "கூர்மையைக் குறையுங்கள்" என்று சொன்னால் அவருக்குப் புரியாது. இப்போது எத்தனை பிகோ ஃபாரட் இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். 120 இருந்தால் 47 கேளுங்கள். மூன்றாவது கேள்வியின் கணக்குப்படி குறுக்குவழி 1500 ஹெர்ட்ஸுக்குப் பதிலாக 3700 பக்கத்தில் திறக்கும், பளபளப்பு இருக்கும், குத்தல் இருக்காது. 1000 பிகோ உள்ள ஆம்ப் என்றால் முதலில் 220 போட்டுக் கேளுங்கள். கழற்றிய பழைய கண்டன்சரைத் தூக்கிப்போடாமல் அளவு எழுதி ஒரு கவரில் போட்டு, கேபினட்டின் உள்பக்க மரத்தில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். பிடிக்கவில்லை என்றால் அதையே திரும்ப மாட்டிக்கொள்ளலாம்.